மூலை மண்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா, இல்லை வழக்கம்போல் பாட்டிலை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே நமக்குக் குரல் ஏறிவிடுகிறது. நீ கொடுத்த கரப்பான் மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொன்னதற்கு மூன்று வாரம் பேசாமல் இருந்தோம். அதனால் கடிதம்தான் நமக்குச் சரி. இதில் குறுக்கே பேச முடியாது. தாளின் பின்பக்கம் 'படுக்கை விரிப்பு 40, தலையணை உறை 62' என்று இருந்தால் குழம்பாதே. எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வீணாகும் சீட்டுகள். புதுத் தாள் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

நாளெல்லாம் அங்கே பிளீச்சிங் பவுடர் நெடியில் நின்று என் உள்ளங்கை இரண்டு தடவை உரிந்துவிட்டது. வீட்டிலாவது அந்தக் கண்றாவி வேண்டாம். தரை துடைக்க வினிகர், பாத்திரத்துக்கு எலுமிச்சைத் தோல். காய்கறிக் கழிவெல்லாம் ஒரு வாளியில் புழுக்களோடு மக்குகிறது. உன் மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் முடித்துவிட்டு வந்து, வாளியை எட்டிப் பார்த்து, "இந்த வீட்ல புழுவுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்ல" என்கிறார்.

பெரிய சேதியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த சிமெண்ட் தளத்தை முழுக்க உடைத்துவிட்டோம்! பெய்கிற மழையெல்லாம் மண்ணுக்குள் இறங்காமல் சாக்கடைக்கு ஓடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சம்மட்டி அடித்ததில் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பின்சுவர் மூலையில் வெள்ளரி, பக்கத்தில் கீரை, தக்காளி என்று திட்டம். கொடி ஏறுவதற்குப் பக்கத்து வீட்டு பெயிண்டர் ஒரு பழைய ஏணியைச் சுவர் வழியாகவே தள்ளிக் கொடுத்தார். குட்டிக்கு ஆறு வயசு ஆகிறதே, இப்போதே ஏணிக்குக் காவல் நிற்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வாலு

ஜனவரி 20

என் வாலுக்கு,

நலம். முட்டி அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். துறைமுகக் கிடங்குகளில் சரக்கு குவிந்து கிடக்கிறது. புழு வைக்காமல் இருக்க எல்லாவற்றுக்கும் நான்தான் புகை போட வேண்டும். கவசம் மாட்டியே மூக்கு சப்பையாகிவிடும் போலிருக்கிறது. மாப்பிள்ளையின் இடுப்பு சரியானதா? குட்டி நலமா?

தளத்தை ஏன் உடைத்தாய்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஈரம் அஸ்திவாரத்துக்கு இறங்கும், கரையான் வரும். சரி, உடைத்தது உடைத்ததுதான். செடி வைக்க வேண்டுமானால் மொட்டை மாடியில் தொட்டியில் வை. தரையில்தான் வைப்பேன் என்று அடம் பிடித்தால் முன்பக்கம் வை. அந்த மூலையை மட்டும் விட்டுவிடு. அங்கே வெயில் விழாது, செடி நோஞ்சானாகப் போகும். மூலைக்குத் திரும்பவும் சிமெண்ட் போட்டுவிடுவது நல்லது. ஆள் வைத்து நானே செய்து தருகிறேன்.

அண்ணன்

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அவர் இடுப்பு சரியாகிவிட்டது. உன் கடிதத்தில் பாதிக்கு மேல் என் தோட்டத்தைக் குறை சொல்வதுதான்.

வெயில் விழாது என்று யார் சொன்னது? காலை எட்டிலிருந்து மத்தியானம் வரை இந்த வீட்டிலேயே நல்ல வெயில் அந்த மூலைக்குத்தான். பதினாலு வருஷமாக இங்கே துணி காயப்போடுகிறவள் நான். நீ வருஷத்துக்கு ஒரு தடவை வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவன். உன் தொழில் பூச்சியைக் கொல்வது. அதைக் குறை சொல்லவில்லை, என்னைப் படிக்க வைத்ததே அந்தச் சம்பளம்தான். ஆனால் மருந்து டின்னைத் தூக்குகிறவனிடம் மண் வளம் பற்றி நான் பாடம் கேட்க வேண்டுமா?

வெள்ளரி ஊன்றி ஐந்து நாள் ஆகிறது. மூலையில்தான். குட்டி தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு குழியாகக் குனிந்து "வந்துட்டியா?" என்று கேட்கிறாள்.

கோபப்படாதே. படுவாய், தெரியும்.

வாலு

பிப்ரவரி 10
(எழுதி, அனுப்பாமல் வைத்துக்கொண்ட கடிதம்)

அன்புள்ள தங்கைக்கு,

எல்லோரும் நலம்தானே? நலமாகத்தான் இருக்க வேண்டும்.

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நான்கு நாளாக அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். உன் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது நான் பழைய கம்பெனியில் கரையான் மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம்தான் அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மண்ணில் விழுந்தால் வருஷக்கணக்கில் போகாது, செடி வழியாக மனுஷன் உடம்புக்கு வரும் என்று சொன்னார்கள். மிச்சம் இருந்த சரக்கை வேளாண்மைத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். முதலாளி பதிவேட்டில் காட்டாத ஐந்து டின் இருந்தது. "எங்கயாவது கொண்டு போய்த் தொலைச்சிடு" என்றார். எனக்குத் தெரிந்த ஒரே வெறும் இடம் உன் மனையின் பின்பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மூலையில் குழி வெட்டிப் புதைத்தேன். அடுத்த வாரம் தளம் போட்டார்கள். சிமெண்டுக்கு அடியில் கிடக்கட்டும், யார் தோண்டப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

டின் காலி இல்லை. எல்லாம் நிறைய இருந்தது. இத்தனை வருஷத்தில் தகரம் துருப்பிடித்திருக்கும்.

குட்டி அங்கே தண்ணீர் ஊற்றுகிறாள் என்று எழுதியிருக்கிறாய்.

இதை அனுப்பினால் நீ என் முகத்தில் விழிக்க மாட்டாய். துறைக்குத் தெரிந்தால் என் உரிமம் போகும், வேலை போகும். எனக்குப் பயமாக இருக்கிறது. அனுப்பத்தான் வேண்டும்.

(பின்குறிப்பு, மறுநாள்: அனுப்பவில்லை. பன்னிரண்டு தொட்டி வாங்கிப் பார்சலில் போட்டேன்.)

மார்ச் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை, பார்சல் மட்டும் வந்தது. பிளாஸ்டிக் தொட்டியா அனுப்புவாய்? பிளாஸ்டிக்! பன்னிரண்டு! பிரித்துப் பார்த்துவிட்டு அவர் அன்றைக்கு முழுக்கச் சிரித்தார். வாசலில் வைத்தேன், வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மூலையைப் பற்றி உனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் ஜெயித்தவள் பீற்றிக்கொள்ளக் கூடாது. வெள்ளரி ஏணியைத் தாண்டிச் சுவருக்கு மேலே போய்விட்டது. குட்டி பறித்த இடத்திலேயே நின்று கடிக்கிறாள். கழுவு என்றால், "மருந்து அடிக்காத காய்க்கு எதுக்கும்மா கழுவணும்?" என்கிறாள். என் வாயிலிருந்து வந்ததுதான்.

எங்கள் தெருவில் எட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்திருக்கிறோம். வீட்டில் விளைந்ததை ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் மண்ணைப் பரிசோதித்துச் சீட்டு வாங்கியவர்கள்தான் காய் கொண்டுவரலாம். அந்த விதியைப் போட்டதே நான்தான். அடுத்த மாதம் மண் எடுத்து அனுப்புகிறோம்.

உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை.

வாலு

ஏப்ரல் 3

என் வாலுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேலை அதிகம், அவ்வளவுதான்.

நான் சொல்வதை இந்த ஒரு தடவை கேள். பரிசோதனை முடிவு வரும்வரை குட்டிக்கு அந்தக் காயைக் கொடுக்காதே. நீங்களும் சாப்பிடாதீர்கள். ஊருக்குள் இருக்கிற மண், எதன் மேல் என்ன கொட்டினார்களோ யாருக்குத் தெரியும்? மண் எடுக்கும்போது மேலாக வழிக்காதே. மூலையில், சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, ஒரு முழ ஆழத்தில் எடு. கையுறை போட்டுக்கொள். பூச்சி மருந்துக்கும் பார்க்கச் சொல்லித் தனியாக எழுதிக் கொடு, இல்லாவிட்டால் சத்து மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

கேட்பாய்தானே? குட்டிக்கு முத்தம்.

அண்ணன்

மே 6

அண்ணா,

நலம் என்று எழுதக் கை வரவில்லை.

முடிவு வந்துவிட்டது. மூலை மண்ணில் கரையான் மருந்து. எப்போதோ தடை செய்ததாம். இருக்கக்கூடிய அளவைப் போல் எத்தனையோ மடங்கு. ஆய்வகத்துப் பெண் என்னைக் கூப்பிட்டு, "இதுல விளைஞ்சத யாராவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். "என் பொண்ணு" என்றேன்.

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டோம். குட்டிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உடம்பில் கொஞ்சம் ஏறியிருக்கிறது. இப்போதைக்குப் பாதிப்பு ஒன்றும் தெரியவில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். உன் கடிதம் வந்த அன்றே நிறுத்தினோமே, அது நல்லதாம். ஆனால் அதற்கு முன்னால் எத்தனை காய் தின்றாள் என்று எண்ணிப் பார்க்கிறேன். முடியவில்லை. என் கையால் ஊன்றியது, அண்ணா. நான்தான் கழுவ வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தது.

யார் வேலை என்று தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு பெயிண்டர். கதவு ஜன்னலுக்கு வர்ணம் அடிக்கும் முன்னால் பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து பூசுவதும் அவர் வேலைதான். சுவரை ஒட்டித்தான் அவருடைய கொட்டகை, பதினொரு வருஷமாக அங்கேதான் பிரஷ் கழுவுகிறார். குழுவிலிருந்து ஆறு பேர் போய் வாசலில் நின்று கேட்டோம். அவர் செய்துகொண்டிருந்த பள்ளிக்கூட வேலையிலிருந்து மறுநாளே நிறுத்திவிட்டார்கள். நான்தான் தலைமையாசிரியருக்கு எழுதினேன்.

நீ மட்டும் மூலையில் ஆழமாக எடு என்று சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உன்னைக் கிண்டல் செய்ததற்கெல்லாம் மன்னித்துக்கொள்.

உன் தங்கை

மே 20

அன்புள்ள தங்கைக்கு,

குட்டியை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். டாக்டர் சொன்ன தேதிகளைத் தவறவிடாதே. சாப்பாடு எப்படிச் சாப்பிடுகிறாள் என்று எழுது.

நன்றியெல்லாம் வேண்டாம். பெயிண்டர் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம் என்று தோன்றுகிறது. மண்ணில் இருப்பது யார் கொட்டியது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. இன்னொரு நாள் விவரமாக எழுதுகிறேன், லாரி வந்து நிற்கிறது.

அண்ணன்

ஜூன் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

குட்டி நன்றாகச் சாப்பிடுகிறாள். அவர் நலம். நான் சுமார். நீ விவரமாக எழுதுவதாகச் சொன்ன கடிதம் இன்னும் வரவில்லை.

பெயிண்டர் வீட்டைக் காலி செய்கிறார். வீட்டுக்காரர் மாதக் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார், அதுவும் குழு போட்ட மனுவால்தான். இன்று சாமான்களைக் கட்டுவதைச் ஜன்னலிலிருந்து பார்த்தேன். இடுப்பில் கைக்குழந்தையோடு அவர் மனைவி டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

உனக்கு ஒன்று சொல்லவில்லை. அன்றைக்கு நாங்கள் ஆறு பேர் போய்க் கத்தியபோது அவர் திரும்பக் கத்தவில்லை. தன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருக்கலாம்மா. தொழிலுக்கு வந்த புதுசுல லேபிள் இல்லாத மருந்தெல்லாம் வாங்கி அடிச்சிருக்கேன். நானாத்தான் இருக்கும்" என்றார். எங்களுக்கு வேறென்ன வேண்டும்? ஒப்புக்கொண்டாரே என்று வெற்றியோடு திரும்பினோம். ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துணி மடிக்கும்போதும் அந்தக் குரல்தான் கேட்கிறது. தப்பு செய்தவன் அப்படியா பேசுவான்?

உன் தொழில் இது, உனக்குத்தான் தெரியும். ஒரு பெயிண்டர் பிரஷ் கழுவிய தண்ணீரால் அவ்வளவு ஆழத்தில் அவ்வளவு மருந்து இறங்குமா? ஆமாம் அல்லது இல்லை, ஒரு வார்த்தை எழுது. லாரி வந்து நின்றால் நிற்கட்டும்.

வாலு

ஜூன் 25

அன்புள்ள தங்கைக்கு,

இல்லை.

இறங்காது. அது நான். உன் வீடு கட்டும்போது, தடை வந்த மருந்தில் ஐந்து டின்னை அந்த மூலையில் நான்தான் புதைத்தேன். இரண்டரை அடி ஆழம். எல்லாம் நிறைந்த டின். பிப்ரவரியில் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தையும் இதோடு வைக்கிறேன். அதைப் படித்தால் எனக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பது உனக்குப் புரியும். மண் எடுக்கச் சொன்னதுகூட, என் வாயால் சொல்லாமல் பரிசோதனை சொல்லட்டும் என்றுதான். உரிமமும் வேலையும் உன் மரியாதையும் போய்விடும் என்று பயந்தேன். அதற்காக உன் குழந்தையைத் தின்ன விட்டேன்.

நீங்கள் யாரும் தோண்டாதீர்கள். உங்கள் ஊரில் உள்ள துறை அலுவலகத்துக்கு இன்றே பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன், அவர்கள் ஆள் அனுப்புவார்கள். பெயிண்டரைப் போக விடாதே.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

அண்ணன்

ஜூலை 9

மதிப்பிற்குரிய சாருக்கு,

நான் உங்கள் தங்கையின் பக்கத்து வீட்டுப் பெயிண்டர். போர்டு எழுதிப் பழகிய கை, அதனால் எழுத்து பெரிதாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்று சாயங்காலம் உங்கள் தங்கை என் வாசலுக்கு வந்தார். முன்பு கூட வந்த ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு கடிதத்தையும் அவர்கள் முன்னால் சத்தமாகப் படித்தார், ஒரு வரிகூட விடவில்லை. பிறகு என் மனைவியிடம் போய் நின்றார். துறையிலிருந்து வந்து டின்னை எடுத்துப் போய்விட்டார்கள், இரண்டு டின் ஓட்டையாகி இருந்தது. வீட்டுக்காரர் எங்களை இருக்கச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூட வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது, அது போனதுதான். தலைமையாசிரியரிடம் உங்கள் தங்கை நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அவருக்கு இப்போது உங்களுக்கு எழுத வரவில்லையாம். குட்டி நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் எழுதச் சொன்னார்.

நான் எழுதுவது வேறு விஷயம். அவர்கள் வந்து கேட்டபோது நான் மறுக்கவில்லை, ஏனென்றால் நான் நம்பிவிட்டேன். அந்தப் பிள்ளை சுவரில் ஏறி நின்று "அங்கிள், காய் வேணுமா?" என்று கேட்கும். அதற்கு விஷம் வைத்தது நான்தான் என்று ஏழு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். என் கையில் இன்னும் என்ன இருக்கிறதோ என்று என் குழந்தையை ஏழு வாரமும் தூக்கவில்லை. அது இரண்டு கையையும் நீட்டும். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அது நான் இல்லை என்று இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அது நீங்கள். கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். அந்த ஏழு வாரமும் உங்களுக்குத் தூக்கம் வந்ததா?

உங்கள் உடல்நலம் விசாரித்ததாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பெயிண்டர்

ஜூலை 16

மதிப்பிற்குரிய பெயிண்டர் அவர்களுக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். குழந்தையை இப்போது தூக்குகிறீர்கள் என்று நம்புகிறேன்.

என் உரிமத்தை நிறுத்தி வைத்து நோட்டீஸ் வந்துவிட்டது. அடுத்த மாதம் விசாரணைக்கு உங்கள் ஊருக்கு வருகிறேன். தங்கை வீட்டு வாசலை மிதிக்க எனக்கு முகம் இல்லை. உங்கள் வாசலுக்கு வர அனுமதி உண்டா என்று எழுதுங்கள். இல்லை என்றாலும் எழுதுங்கள்.

நீங்கள் கேட்டதற்குத் தூக்கமே இல்லை என்று பதில் எழுதினேன். கிழித்துவிட்டேன். இன்னொன்று எழுதினேன், அதையும் கிழித்தேன். உங்களிடமும் பொய் சொன்னால் எனக்குப் பிறகு ஒன்றுமே மிச்சம் இருக்காது.

ஜனவரியில் தளத்தை உடைத்துவிட்டோம் என்று தங்கை எழுதியதிலிருந்து மே மாதம் வரைதான் எனக்குத் தூக்கம் இல்லை. பிறகு அவளுடைய மே மாதக் கடிதம் வந்தது. மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். அதில் நீங்கள்தான் என்று எழுதியிருந்தாள். படித்து முடித்துக் கிடங்கில் ஒரு மூட்டை மேல் சாய்ந்தேன். சாயங்காலம் ஆட்கள் வந்து எழுப்பும்வரை தூங்கினேன். அன்றிலிருந்து தினமும் தூங்கினேன்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து வீட்டுக்காரியின் அண்ணன்